அந்த எட்டு விநாடி

எங்கள் அலுவலகத்தில் அக்காவுக்குச் 'சிடுசிடு' என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவர் வேலையை விட்டுப் போயிருக்க வேண்டும், பெயர் மட்டும் தங்கிவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி ஒருநாள் அவர் எதிரிலேயே அப்படிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டபோது, "பரவாயில்ல, கூப்பிட்டா திரும்பிப் பாக்குறேன்ல, அப்புறம் என்ன" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவருக்கு அடுத்த மேசையில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவன் நான். அந்தக் கோபம் எதற்கு வரும், எதற்கு வராது என்று ஓரளவு தெரியும். டீ ஆறிப்போனால் வராது. பதவி உயர்வு பட்டியலில் பெயர் விட்டுப்போனால்கூட வராது. செய்யாத வேலையைச் செய்தாகிவிட்டது என்று யாராவது சொன்னால் வரும். சொல்வது மனிதரா இயந்திரமா என்ற வித்தியாசமெல்லாம் அவரிடம் கிடையாது.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் ஐந்து வருடம், ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்த கடையில், செத்துப்போன ஹார்ட் டிஸ்க்குகளிலிருந்து கோப்புகளை மீட்கும் வேலை பார்த்தவர். கவுன்டருக்கு அந்தப் பக்கம் தினமும் யாராவது ஒருவர் முகம் வெளுத்து நிற்பாராம். நான்கு வருட ஆய்வைத் தொலைத்த மாணவி, இறந்துபோன மனைவியின் குரலைத் தொலைத்த மனிதர். எல்லாரும் சொன்னது ஒரே வாக்கியம்: "சேவ் ஆயிடுச்சுன்னு காட்டுச்சே." அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய்த்தான் கெர்னல் பக்கம் வந்தார். கெர்னல் என்பது இயங்குதளத்தின் அடிவயிறு. எந்த மென்பொருள் எதை எழுதச் சொன்னாலும், அதை வாங்கி டிஸ்க்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். வலிக்கும்வரை யாரும் அதை நினைப்பதில்லை.

எங்கள் நிறுவனம் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைகளுக்கு வேண்டிய கணினிகளைச் செய்து தருகிறது. அழைப்பை எடுப்பவர் முகவரியையும் நடந்ததையும் தட்டச்சு செய்து 'பதிவு' பொத்தானை அழுத்துவார். பதிவானது என்று திரை சொன்ன பிறகுதான் அந்தச் சீட்டு வண்டி அனுப்புபவரிடம் போகும். ஒரு கட்டுப்பாட்டு அறையில் இந்தப் பதிவுக்கு நான்கு விநாடி ஆகிறது, நெரிசலான வேளையில் எட்டு, சில சமயம் பதினொன்று என்று இரண்டு வருடமாகப் புகார். எட்டு விநாடி என்பது நமக்குக் கொட்டாவி விடும் நேரம். அந்தப் பக்கம் மூச்சுத் திணறும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருப்பவருக்கு அப்படி இல்லை.

எங்கள் மேலாளர் கெட்டவர் இல்லை. ஆனால் முதலில் தலையை ஆட்டிவிட்டு அப்புறம் யோசிப்பவர். இரண்டே வாரத்தில் ஒரு விநாடிக்குள் கொண்டுவந்து தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மாமியாரின் கண் அறுவை சிகிச்சைக்காகச் சிடுசிடு அக்கா அப்போது விடுப்பில் இருந்தார். வேலை என் தலையில் விழுந்தது. நான் அதை ஒரே பிற்பகலில் முடித்தேன்.

எப்படி முடித்தேன் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கெர்னல் ஒன்றை எழுதும்போது, அது டிஸ்க்கில் சேரும்வரை காத்திருந்து பிறகு 'ஆயிற்று' என்று சொல்லும். நான் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டேன். சீட்டை நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு உடனே 'பதிவாகிவிட்டது' என்று சொல்லிவிடும். டிஸ்க்குக்கு அப்புறம் சாவகாசமாக அனுப்பிக்கொள்ளும். பொத்தானை அழுத்திய மறுகணம் பச்சை விளக்கு வந்தது. மேலாளர் என் முதுகில் தட்டினார். எனக்கும் மனம் குளிர்ந்துதான் போயிற்று.

அக்கா விடுப்பிலிருந்து திரும்பிய காலை, பையைக்கூட இறக்கி வைக்காமல் நான் மாற்றிய வரிகளைப் படித்தார். நான்கே வரிகள். படித்து முடித்துவிட்டு என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"இது டிஸ்க்ல சேந்துடுச்சா?"

"கொஞ்ச நேரத்துல சேந்துடும்க்கா."

"நான் அதக் கேக்கல. பச்சை வெளக்கு வர்றப்போ சேந்துடுச்சா?"

"இல்ல."

"அப்ப ஏன் பதிவாயிடுச்சுன்னு சொல்லுது?"

மேலாளர் தன் அறையிலிருந்து வந்தார். அங்கே பேட்டரி இருக்கிறது, மின்சாரம் போகவே போகாது, எத்தனையோ இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார்.

"சார், பேட்டரி இருந்தா கெர்னல் ஹேங் ஆகாதா? ஒயரு புடுங்காதா? எட்டு விநாடி லேட்டாச்சுன்னா அங்க போன் எடுக்குற பொண்ணுக்குத் தெரியும், இன்னும் போகலன்னு. போன்லயே கத்தியாவது சொல்லிடுவா. போயிடுச்சுன்னு நம்பிட்டான்னா, சொல்லவே மாட்டா."

"ஒத்திகை நாளைக்கு. வாக்குக் குடுத்தாச்சு."

"குடுத்தது நீங்க."

மறுநாள் மூவரும் கட்டுப்பாட்டு அறைக்குப் போனோம். சுவரில் பெரிய கடிகாரமும் இருபத்துநான்கு மேசைகளும் இருந்த நீண்ட கூடம். ஓரத்தில் ஒத்திகைக்கென்று தனியாக ஒரு கணினி வைத்திருந்தார்கள். அறையின் தலைமை அதிகாரி வந்து நின்றார். அழைப்பு எடுக்கும் பெண் ஒருத்தியை உட்காரவைத்துப் பத்துப் போலி அழைப்புகளைப் பதியச் சொன்னார்கள். அவள் தட்டத் தட்டப் பச்சை விளக்கு உடனுக்குடன் வந்தது. "அட" என்றார் அதிகாரி. மேலாளர் மலர்ந்தார்.

பத்தாவது பச்சை விளக்கு வந்ததும் அக்கா குனிந்து, மேசைக்கடியில் இருந்த ஒயரைப் பிடித்து இழுத்தார்.

திரை இருண்டது. அந்தப் பெண் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள், தான்தான் ஏதோ செய்துவிட்டதைப் போல.

"என்ன பண்றீங்க?" என்றார் அதிகாரி.

"ஒண்ணும் இல்ல சார். துடைக்கிற அம்மா ஒயரத் தட்டிட்டாங்கன்னு வச்சுக்குங்க." ஒயரைத் திரும்பச் செருகி, கணினி எழும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எழுந்ததும் பட்டியலைத் திறந்தார். பத்தில் ஆறு இருந்தன. "மீதி நாலு பேருக்கு வண்டி போகாது சார். ஆனா போயிடுச்சுன்னு நாம சொல்லிட்டோம்."

அதிகாரி எங்கள் மேலாளரைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அலுவலக வாசலில் மேலாளர் கார்க் கதவை அறைந்து சாத்தினார். "எல்லார் முன்னாடியும் என் மூஞ்சில கரியப் பூசிட்டீங்க. மூணு வாரம் தர்றேன். நீங்களே செஞ்சு காட்டுங்க."

"காட்டுறேன்" என்றார் அக்கா. கோபத்தில் அவருக்குக் காது மடல்தான் முதலில் சிவக்கும். அன்று கழுத்துவரை இறங்கியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். மூன்றாவது மாடி. லிப்ட் பழுது பார்க்கும் அவருடைய கணவர், அந்தக் கட்டடத்து லிப்ட் நின்றுபோன காரணத்தால் குடியிருப்பவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். "போங்க, உள்ள ரெண்டு பேரும் இருக்காங்க. தலையில ஏதாவது போட்டுக்கிட்டு போங்க" என்றார்.

மாமியார் ஒரு கண்ணில் பச்சை மறைப்போடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மறு கண்ணால் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவந்தானா அந்தப் பொய் சொல்ற மெஷினப் பண்ணவன்?"

"அவனேதான் அத்தை."

"ஆளப் பாத்தா அப்பாவி மாதிரி இருக்கான்."

அந்த வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை வருவதில்லை. இருவருடைய கோபமும் ஒரே ரகம், ஒரே திசையில் பாயும். நடுவில் மாட்டுகிறவர் பாடுதான் திண்டாட்டம். நான் மன்னிப்பைத் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தேன். "மன்னிப்பெல்லாம் வேண்டாம்" என்றார் அக்கா. "திங்கக்கிழமை என்கூட அங்க வா. ஏன் எட்டு விநாடி ஆகுதுன்னு பாக்கணும். நீ அதப் பாக்கவே இல்ல, அதான் எனக்கு ஆத்திரம். வலிக்குதுன்னா மரத்துப்போக ஊசி போட்டுட்டு வந்துட்ட."

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நாங்கள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தோம். ஒத்திகையில் தட்டிய அதே பெண்ணின் பக்கத்தில்தான் அக்காவின் நாற்காலி. அவள் மூன்று வருடமாக அங்கே இருக்கிறாள். பொத்தானை அழுத்திவிட்டு, பச்சை விளக்கு வரும்வரை தன்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொள்வாள். அடக்கியிருக்கிறாள் என்பதே அவளுக்குத் தெரியாது. அக்கா சொன்னபோதுதான் கவனித்தாள்.

இரண்டாம் நாள் அக்கா அறிவிப்புப் பலகை முன்னால் நெடுநேரம் நிற்பதைப் பார்த்தேன். அழைப்பு எடுப்பவர்களின் 'சராசரி நேரம்' பட்டியலாக ஒட்டியிருந்தது. கடைசி ஐந்து பெயர்களுக்குச் சிவப்புக் கோடு.

"இந்த நேரம் எதுலேர்ந்து எதுவரைக்கும்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"போன எடுத்ததுலேர்ந்து பச்சை வெளக்கு வர்ற வரைக்கும் மேடம்."

"மெஷின் எடுக்குற எட்டு விநாடியும் உங்க கணக்குலயா?"

"ஆமா. எனக்கு ரெண்டு மெமோ வந்துடுச்சு. கை மெதுவுன்னு. மூணாவது வந்தா பயிற்சிக்கு அனுப்பிடுவாங்க, அங்க போனவங்க திரும்பி வந்ததில்ல." அவள் மிகச் சாதாரணமாகத்தான் சொன்னாள். "யார் மெதுவுன்னு கண்டுபுடிக்கத்தான் ரெண்டு வருஷமா எல்லார் ஸ்க்ரீனையும் வீடியோ எடுக்கறாங்க மேடம். அதுக்கப்புறம்தான் இன்னும் மோசமாச்சு."

அக்காவின் காது மடல் சிவந்தது. தன் மடிக்கணினிக்குத் திரும்பி, கெர்னல் எந்தக் கணத்தில் எதற்காகக் காத்திருக்கிறது என்று பதிவெடுக்கும் கருவியை ஓடவிட்டார். அரை மணியில் விஷயம் துலங்கிவிட்டது.

கெர்னல் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. பாதியில் மின்சாரம் போனாலும் குழம்பாமல் இருப்பதற்காக, எந்தக் கோப்பில் என்ன மாறுகிறது என்று முதலில் அதில் குறித்துக்கொள்ளும். சில விநாடிகளில் வருகிற எல்லா மாற்றங்களையும் ஒரே பக்கத்தில் சேர்த்துத்தான் குறிக்கும். அந்தப் பக்கத்தை மூடவேண்டுமென்றால், அதில் பெயர் வந்த ஒவ்வொரு கோப்பின் சரக்கும் டிஸ்க்கில் இறங்கியிருக்க வேண்டும். அழைப்புச் சீட்டு நான்கு வரிதான். ஆனால் அதே பக்கத்தில் இருபத்துநான்கு திரைகளின் வீடியோவும் இருந்தது. அத்தனையும் இறங்கி முடியும்வரை சீட்டு வாசலிலேயே நிற்கும். யார் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று பார்க்க வைத்த வீடியோதான் அத்தனை பேரையும் மெதுவாக்கிக்கொண்டிருந்தது.

அக்கா சிரித்தார். சந்தோஷத்தில் வந்த சிரிப்பில்லை அது. "போஸ்ட் ஆபீஸ்ல ஒரு கார்டு குடுக்க வந்தவள, முன்னாடி நிக்கிறவன் மூட்டையெல்லாம் எடை போட்டு முடிக்கிற வரைக்கும் நிக்க வச்சுட்டு, ஏண்டி லேட்டுன்னு அவளையே கேட்டிருக்கோம்" என்றார்.

'கேட்டிருக்காங்க' என்று சொல்லவில்லை, 'கேட்டிருக்கோம்' என்றார். அது ஏன் என்று மறுநாள் தெரிந்தது. வீடியோவைச் சேர்ப்பது என்ற முடிவு எங்கள் அலுவலகம் வழியாகத்தானே போயிருக்கும் என்று பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினார். இரண்டு வருடத்துக்கு முன் மேலாளர் கேட்டிருக்கிறார்: 'வீடியோவும் சேர்த்தால் டிஸ்க் தாங்குமா?' பதில் அக்காவுடையது. ஒரே வார்த்தை: 'தாங்கும்.'

"எடம் இருக்கான்னு மட்டும் பாத்தேன்" என்றார் என்னிடம். "எவ்வளவு நேரமாகும்னு பாக்கல. ரெண்டு நிமிஷத்துல பதில் போட்டிருக்கேன் பாரு." மற்றவர்கள்மேல் வரும் கோபத்தை அவர் கொட்டிவிடுவார். இதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அன்று முழுக்க விசைப்பலகையை உடைத்துவிடுவதுபோலத் தட்டிக்கொண்டிருந்தார்.

மாற்றத்தை எழுத நான்கு நாள்தான் பிடித்தது. அவசரச் சீட்டுகளுக்கென்று தனியாக ஒரு சின்னக் குறிப்பேடு. சீட்டு அதில் ஏறி, டிஸ்க்கில் உண்மையாகவே உட்கார்ந்துவிட்டால் உடனே பதில். பெரிய வீடியோக்கள் சேர்த்து வைத்து ஒரேயடியாகக் கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தம் வழியில் இறங்கும். எட்டு விநாடி, ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்காக ஆயிற்று.

நான் கையைத் தட்டினேன். "தட்டாத. இப்பதான் ஒனக்கு வேலை" என்றார்.

என் வேலை மின்சாரத்தை வெட்டுவது. எழுதிக்கொண்டிருக்கும்போதே வெட்ட வேண்டும், எழுப்பி எண்ண வேண்டும், மறுபடி வெட்ட வேண்டும். 'ஆயிற்று' என்று சொன்ன ஒவ்வொரு சீட்டும் இருக்க வேண்டும். நூற்று முப்பத்தேழாவது வெட்டில் ஒரே ஒரு சீட்டு முகவரி இல்லாமல் எழுந்தது. நான் அதை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தது உண்மை. ஆனால் அக்காவிடம் சொன்னேன். இரண்டு நாள் தேடி, இடம் மாறியிருந்த இரண்டு வரிகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். "எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுலேர்ந்து."

நானூறுவரை வெட்டினேன். ஒரு சீட்டும் தொலையவில்லை.

புதிய கெர்னலை ஓட்டுவதற்குமுன் சோதனை அறிக்கையில் மூன்று கையெழுத்து வேண்டும்: செய்தவர், மேலாளர், அந்த அறையின் அதிகாரி. அக்கா எழுதிய அறிக்கையை மேலாளர் படித்துவிட்டு வெளியே வந்தார். "கடைசி ரெண்டு பக்கம் எதுக்கு?"

கடைசி இரண்டு பக்கங்களில் ஓர் அட்டவணை. பதினொரு ஊழியர்கள், பத்தொன்பது மெமோக்கள், ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட தாமதத்தில் இயந்திரம் எடுத்த நேரம் எவ்வளவு, கை எடுத்த நேரம் எவ்வளவு என்று விநாடி விநாடியாக. கணினியே எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தது, யாரும் பார்க்கவில்லை. இயந்திரத்தின் நேரத்தைக் கழித்தால் பதினொருவரில் ஒருவர்கூட மெதுவில்லை. அடியில் ஒரு பத்தி: 'வீடியோவைச் சேர்க்கலாம் என்று நேர அளவைச் சோதிக்காமல் ஒப்புதல் தந்தது நான்.'

"இதையாவது எடுங்க" என்றார் மேலாளர். குரல் தணிந்திருந்தது. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அடுத்த திட்டத்துக்குத் தலைமை நீங்கன்னு பேசிட்டிருக்கோம். இது மேல போனா..."

"போகட்டும் சார். அவங்களுக்கு மட்டும் மெமோ, எனக்கு ஒண்ணுமில்லையா?"

கட்டுப்பாட்டு அறையில் அதிகாரியும் அந்த இரண்டு பக்கங்களில்தான் வந்து நின்றார். "இது டெக்னிக்கல் ரிப்போர்ட். ஸ்டாஃப் விஷயம் இதுல எதுக்கும்மா? பழைய கதை, முடிஞ்சுபோச்சு."

"உங்களுக்கு முடிஞ்சுபோச்சு. அந்தப் பொண்ணு இன்னும் மூச்ச அடக்கிட்டுத்தான் உக்காந்திருக்கா. நீங்க அவள ஒரு தடவ நிமிந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்." அக்கா குரலை உயர்த்தவில்லை. "அந்த ரெண்டு பக்கம் இல்லாத அறிக்கைல நான் கையெழுத்துப் போடமாட்டேன். என் கையெழுத்து இல்லாம இது ஓடாது. எட்டு விநாடியே போதும்னா வச்சுக்குங்க."

வெளிக்கூடத்தில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதிகாரி ஒரு வாரம் இழுத்தடித்தார், மேலே கேட்டார், கீழே கேட்டார். எட்டாம் நாள் கையெழுத்துப் போட்டார். மெமோக்கள் திரும்பப் பெறப்பட்டன. அடுத்த திட்டத்தின் தலைமை வேறொருவருக்குப் போயிற்று. நிறுவனத்தின் ஆண்டு விழாவில் மேலாளருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு, அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்காமல் இறங்கினார்.

பதினொருவரில் இரண்டு பேர் ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருந்தார்கள். ஒருவருக்கு மெமோ ரத்துக் கடிதத்தைத் தபாலில் அனுப்பினோம். இன்னொருத்தி அருகிலேயே ஒரு துணிக்கடையில் இருக்கிறாள் என்று தெரிந்து, அக்கா நேரில் போனார். நானும் கூடப் போனேன்.

முப்பது வயதுக்குள் இருக்கும். கவுன்டரில் துணி அளந்துகொண்டிருந்தாள். அக்கா தான் யாரென்று சொல்லி, அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் மெமோ ரத்துக் கடிதத்தையும் நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"அங்கேர்ந்து வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. இப்ப எதுக்கு?"

"தப்பு உங்க மேல இல்லன்னு..."

"அது எனக்கு அப்பவே தெரியும். மெஷின்தான் நிக்குதுன்னு எத்தன தடவ எழுதிக் குடுத்திருப்பேன். நீங்கல்லாம் அப்ப எங்க போனீங்க?"

"நான் பாக்கல" என்றார் அக்கா. "பாத்திருக்கணும். பாக்கல."

அந்தப் பெண் கத்தரியைக் கீழே வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை. தாளை வாங்கி நின்றபடியே படித்தாள். தன் பெயர் இருந்த வரிமேல் விரலை வைத்து, அதற்கு நேரே இருந்த எண்கள்மேல் அதை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தாள். இன்னொரு முறையும் படித்தாள்.

"இதோட இன்னொரு காப்பி கெடைக்குமா?"

"எத்தன வேணும்?"

"ஒண்ணு போதும். எங்க அண்ணனுக்கு. கை மெதுவுன்னு தொரத்திட்டாங்கன்னு வீட்ல இன்னிக்கும் சொல்லிக் காட்டிட்டிருக்கான்."

அக்கா பையிலிருந்து இன்னொரு பிரதியை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை மடித்து, கல்லாவுக்குப் பக்கத்தில் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, காத்திருந்த வாடிக்கையாளரிடம் "எத்தன மீட்டர் சொன்னீங்க?" என்று திரும்பிவிட்டாள்.